ரோபோ செய்து படிப்பித்தல்: வன்னியில் ஒரு செய்முறைப் பாடத்துக்கு எந்த வழி?

பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு, ஓர் அரையாண்டு முழுவதும், கையால் ரோபோ செய்து பழகும் பாடமொன்றை வைப்பது என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும்: எதைக் கொடுத்துச் செய்யச் சொல்வது? பெட்டியில் வரும் ஆயத்தத் தொகுதியையா, உதிரிப் பாகங்களையா, கணினித் திரையில் ஓடும் போலி ரோபோவையா, அல்லது ஊரில் உள்ள ஒரு வேலையைக் காட்டி அதற்கோர் இயந்திரம் செய்யும்படியா? கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தெற்கே, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கற்கைகளுக்கென ஒரு பீடம் இருக்கிறது. இவை போன்ற ஓரிடத்தில் இந்த முடிவை எடுக்க அமர்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். செய்முறை வகுப்புகளில் சில ஆண்டுகள் நின்று உதவிய அனுபவம் எனக்கு உண்டு. எங்கே என்பது இங்கு தேவையில்லை.

முதலில் கையில் இருப்பதைக் கணக்கிடலாம். அரையாண்டுக்குப் பதினைந்து வாரம், வாரத்துக்கு மூன்று மணித்தியாலம், ஆக 45 மணித்தியாலம். வகுப்பில் 60 பேர் என்று கொண்டால், நால்வருக்கு ஒரு குழுவாகப் 15 குழுக்கள். ஒரு பட்டறை, ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஒன்றிரண்டு போதனாசிரியர்கள். எந்தப் பொருளையும் விலைமனுக் கோரி, ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்று, பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருப்பதால், வகுப்பின் நடுவே ஒரு பாகம் எரிந்துபோனால் அதற்கு மாற்று அந்த அரையாண்டுக்குள் வந்து சேராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாணவரோ உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் தேறி வந்தவர்கள். மின்சுற்று ஒன்றை வரைந்து கொடுத்தால் ஓட்டங்களைப் பிழையின்றிக் கணித்துவிடுவார்கள். ஆயினும் அவர்களிற் பலர் ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோலை முதன்முதல் கையில் எடுப்பது இந்த வகுப்பில்தான். மறுபுறம், வீட்டுத் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய ஒருவரோ இருவரோ எல்லா அணியிலும் இருப்பார்கள். எழுத்துப் பரீட்சையில் பின்னுக்கு நிற்கும் அவர்களைச் சுற்றி மூன்றாம் வாரமளவில் ஒரு கூட்டம் கூடிவிடும்.

விலை, நேரம், பாடத்திட்டத்தோடு பொருத்தம் என்று பல அளவுகோல்களை வைக்கலாம். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது வேறொன்று: ரோபோ ஓடாமல் நிற்கும்போது அந்தப் பழுது எங்கே இருக்கிறது, மாணவரின் கை அங்கே எட்டுமா? செய்முறை அறிவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, ஓடாத ஒன்றுக்கு முன்னால் இருந்து அது ஏன் ஓடவில்லை என்று ஒழுங்காகத் தேடும் பழக்கம்தான். ஆகவே எந்த வழி மாணவருக்குத் தேடத்தக்க பழுதுகளைத் தருகிறதோ அந்த வழிக்கே என் வாக்கு.

பெட்டியில் வரும் தொகுதி

ஆயத்தத் தொகுதிகளில் உலகெங்கும் அறியப்பட்டது லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டோர்ம்ஸ். 1998இல் அறிமுகமாகி, 2013இல் ஈவீ3 என்ற வடிவத்துக்கு வந்து, 2022ஆம் ஆண்டின் இறுதியோடு விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. இதன் நன்மையை மறுக்க முடியாது. முதல் நாள் பெட்டியைத் திறந்த குழு அன்று மாலைக்குள் ஓடும் வண்டியொன்றை வைத்திருக்கும். இணைப்பிகள் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும்; மோட்டாரைச் செலுத்தும் சுற்றும் மின் வழங்கலும் மையப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும்; எதையும் எரிப்பது கடினம். தடையைக் கண்டால் திரும்பு, கோட்டைவிட்டு விலகினால் விலகிய அளவுக்கேற்பத் திருத்து என்ற கட்டுப்பாட்டுச் சிந்தனையை மட்டும் படிப்பிப்பதாயின் இதைவிட விரைவான கருவி இல்லை. பாடசாலை மாணவருக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பொறியியல் மாணவருக்கு இதே பாதுகாப்புத்தான் குறை. பிழையாகச் செருக முடியாத இணைப்பி, பிழையாகச் செருகினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தருவதில்லை. மோட்டார் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது, பற்றரி அதைத் தாங்குமா, செலுத்தும் சுற்று எவ்வளவு வெப்பமடைகிறது என்ற கேள்விகள் அனைத்தும் மூடிய பெட்டிக்குள் ஏற்கெனவே விடை காணப்பட்டுவிட்டன. மிஞ்சுவது நிரல் எழுதுவது மட்டுமே. அதைக் கணினி வகுப்பிலேயே செய்யலாம்.

விலையும் சிறிதன்று. ஈவீ3 வெளிவந்தபோது அதன் விலை ஏறக்குறைய 350 அமெரிக்க டொலர். 15 குழுக்களுக்கு 5,250 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றபோது இது பத்தரை இலட்சம். அதே ஆண்டு மே மாதம் டொலர் 360ஐ எட்டியபோது பத்தொன்பது இலட்சத்துக்குக் கிட்ட. ஒரே ஆண்டில் ஒரே பெட்டி ஏறக்குறைய இரு மடங்கு விலையானதும், அந்த ஆண்டு முடிவில் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் வரிசையே விற்பனையிலிருந்து போனதும், நம்மைப் போல் ஒருமுறை வாங்கிப் பத்து ஆண்டு பாவிக்கும் இடங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியவை. பணம் ஒருமுறை கிடைக்கும்; உதிரிப்பாகம் ஆண்டுதோறும் தேவைப்படும்.

உதிரிப் பாகங்கள்

இரண்டாவது வழி, நிரலை ஓட்டும் சிறு கணினியான நுண்கட்டுப்படுத்தியைக் கொண்ட ஒரு பலகை, இரண்டு மோட்டார், செலுத்தும் சுற்று, உணரிகள், வயர், பற்றரி ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்து, அடித்தகட்டை மாணவரே வெட்டித் துளையிட்டுச் செய்யச் சொல்வது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தொடங்கிய ஆர்டுயினோ, இந்த வழியை எளிய கல்லூரிகளுக்கும் எட்டச்செய்தது. அதன் யுனோ பலகையில் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி 16 மெகாஹேர்ட்ஸ் வேகமும் 32 கிலோபைற் நிரல் நினைவகமும் 2 கிலோபைற் தற்காலிக நினைவகமும் கொண்டது. இன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு சில்லு வண்டிக்கு இது மிஞ்சும். வடிவமைப்பு திறந்தது என்பதால் யார் வேண்டுமானாலும் இதையொத்த பலகையைச் செய்து விற்கலாம். ஆகவே ஒரு நிறுவனம் கைவிட்டாலும் பொருள் சந்தையில் இருக்கும்.

இந்த வழியில் பழுதுகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கிட்ட நின்று பார்க்கலாம், ஏனெனில் ஏறக்குறைய எல்லாக் குழுவும் இதில் ஒருமுறை விழும். வண்டியை மேசைமேல் தூக்கிப் பிடித்தால் சில்லுகள் அழகாகச் சுழலும். தரையில் வைத்து ஓடவிட்டால் நேரே போகும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு கணம் உதறி, பிறகு நிரலின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். மாணவர் முதலில் நிரலைத் திருத்துவார்கள். ஒரு மணித்தியாலம் போகும். பிறகு யாராவது பன்மானியை வைத்து வழங்கலை அளப்பார், அது 4.9 வோல்ற்று என்று நல்ல பிள்ளைபோலக் காட்டும். உண்மையில் நடப்பது, இரு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் புறப்படும்போது இழுக்கும் மின்னோட்டத்தால் வழங்கல் சில மில்லிசெக்கனுக்குச் சரிந்து விழுவது, 2.7 வோல்ற்றுக்குக் கீழே போனால் யுனோவின் நுண்கட்டுப்படுத்தி தன்னைத் தானே மீளத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பன்மானி அவ்வளவு விரைவாகப் பார்க்காது. மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் வரைந்துகாட்டும் அலைவுகாட்டியை இணைத்து, அந்தப் பள்ளத்தைத் திரையில் கண்ட மாணவி ஒருவர், "அப்ப இவ்வளவு நேரமும் மீற்றர் எங்களுக்குப் பொய் சொன்னதா, சேர்?" என்று கேட்டார். மீற்றர் பொய் சொல்லவில்லை, அது சராசரியைச் சொன்னது என்பதை விளக்க அதன்பின் இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. விரிவுரை மண்டபத்தில் அதே விளக்கத்துக்கு அரை மணித்தியாலம் செலவிட்டும் பயன் கண்டதில்லை.

மலிவான எல்298 வகைச் செலுத்தும் சுற்றும் இப்படியொரு பாடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழைய வகைத் திரான்சிற்றர்களால் ஆனதால் அது தன்னளவில் ஏறக்குறைய 2 வோல்ற்றை விழுங்கிவிடும், 7.4 வோல்ற்று லிதியம் பற்றரியைப் பூட்டினால் மோட்டாருக்குப் போவது ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. இதைக் கணக்கில் எடுக்காமல் சரிவில் ஏறவேண்டிய வண்டியை வடிவமைத்தால் என்னாகும் என்று தாளில் போட்டுப் பார்க்கலாம். 1.2 கிலோகிராம் வண்டி 15 பாகைச் சரிவில் ஏறச் சுமார் 3 நியூற்றன் விசை வேண்டும். 65 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு என்றால் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து 0.1 நியூற்றன் மீற்றர் முறுக்கம். வழக்கமாக விற்கும் மஞ்சள் நிறப் பற்சில்லு மோட்டார் அரைவாசிக்கு மேல் களைத்துப்போகும் இடம் அது. தாளில் இது ஏறும்; கிளிநொச்சி மணலில் அரை அங்குலம் புதைந்தால் ஏறாது. இந்த இடைவெளியை மாணவர் தாமே அளப்பது எனக்குப் பிடிக்கும்.

இடம் உணரிகளையும் விட்டுவைப்பதில்லை. மீயொலி உணரி 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. எல்லோரும் எடுத்தாளும் நிரலில் அந்த மைக்ரோசெக்கனை 58ஆல் வகுத்தால் சென்ரிமீற்றர் வரும் என்று இருக்கும். அந்த 58, காற்று 20 பாகைச் செல்சியசில் இருக்கும்போது ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகிறது என்பதிலிருந்து வந்தது. தகரக் கூரையின் கீழ் 36 பாகையில் ஒலியின் வேகம் 353ஐ எட்டும். சுவர் 100 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால் உணரி 98க்குச் சற்றுக் குறைவாகச் சொல்லும். அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு உணரி பழுது என்று திருப்பித் தந்த குழுவும் உண்டு. வெப்பமானியைக் கேட்டு வாங்கிய குழுவும் உண்டு.

கோட்டைப் பின்பற்றும் வண்டிகளில் வேறொரு வேடிக்கை. ஒருமுறை காலையில் எல்லா வண்டிகளும் கறுப்பு நாடாவைப் பிடித்து ஒழுங்காக ஓடின; பின்னேரம் மூன்று மணிக்கு, மேற்கு யன்னல் பக்கம் போன எல்லா வண்டியும் கோட்டைவிட்டு விலகிச் சுவரில் முட்டின. வெயிலில் உள்ள அகச்சிவப்புக் கதிர் உணரியை நிறைத்துவிட, கறுப்பும் வெள்ளையும் அதற்கு ஒன்றாகிவிட்டன. நிரலோடு எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் தற்செயலாகக் கொப்பியைக் கையில் வைத்தபடி யன்னலுக்கும் வண்டிக்கும் இடையில் வந்து நின்றார், வண்டி ஓடியது. விலகினார்; நின்றது. அடுத்த வாரம் பாதிக் குழுக்கள் அட்டையால் உணரிக்குப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தன.

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் நான்கு வாரமும் எதுவும் ஓடாது; பொறுமை இழப்பவர்கள் உண்டு. லிதியம் மின்கலங்களைக் குறுக்கே தொடுத்துவிட்டால் நெருப்பு. மூன்று வோல்ற்றுக்குக் கீழே வற்றவிட்டால் மின்கலம் கெடும். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய மின்கலங்களை வகுப்புக்குள் விடவே கூடாது என்பது என் கட்சி. ஐந்து வோல்ற்றில் இயங்கும் உணரியின் வெளியீட்டை 3.3 வோல்ற்றுப் பலகையில் நேரே குத்துவது வாரம் ஒரு பலகையைக் கொல்லும். இரண்டு தடையிகளால் அதைப் பகுத்துக் கொடுக்கலாம் என்று மாணவர் அறிவார்கள், பரீட்சையிலும் எழுதியிருப்பார்கள், ஆனாலும் குத்துவார்கள். எரிவதற்கென்றே நான்கில் ஒரு பங்கு பாகங்களை மேலதிகமாக வாங்க வேண்டும். கணக்காய்வில் இதற்கு விளக்கம் கேட்கப்படும். ஆகவே அவற்றை உபகரணம் என்று பதியாமல், இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலத்தைப் பதிவதுபோல நுகர்பொருள் என்று தொடக்கத்திலேயே பதிவது நல்லது.

திரையில் ஓடும் ரோபோ

ஒப்புருவாக்க மென்பொருள்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கசீபோ 2002இலிருந்து இருக்கிறது, 1996இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் தொடங்கிய வெபோட்ஸ் 2018இல் திறந்த மூலமாக்கப்பட்டது, இரண்டும் இலவசம். மின்சுற்றையே உலாவியில் கட்டிப் பார்க்கும் தளங்களும் உண்டு. ஆயிரம் முறை மோதினாலும் ஒன்றும் உடையாது, வீட்டிலிருந்தே செய்யலாம், பல கை கொண்ட இயந்திரங்களையும் பறக்கும் இயந்திரங்களையும் நாம் வாங்க முடியாத நிலையில் அவற்றைப் படிக்க வேறு வழியும் இல்லை. ஆனால் அங்கே யன்னலால் வெயில் விழாது. வேண்டுமென்று எழுதினாலன்றி வழங்கல் சரியாது. ஈயம் சரியாக உருகாமல் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் மூட்டு என்ற ஒன்றே இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் தடைப்பட்ட நாட்களில், திரையை நம்பிய வகுப்பே முதலில் படுத்தது என்பதையும் மறக்க முடியாது. முப்பரிமாணத்தைச் சீராகக் காட்டும் மடிக்கணினி எல்லா மாணவரிடமும் இருக்கும் என்று எண்ணுவதும் சரியன்று. கட்டத் தொடங்குமுன் ஒன்றிரண்டு வாரம் நிரலைச் சோதிக்க இது உதவும். செய்முறைப் பாடத்தின் இடத்தை இது எடுக்கக்கூடாது.

போட்டி வைப்பதா?

போட்டியை மையமாக்கிப் படிப்பிப்பது பழைய, நன்கு சோதிக்கப்பட்ட வழி. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வூடி ஃபிளவர்ஸ் 1970களிலேயே, ஒரு பை நிறையப் பொருள்களைக் கொடுத்து அவற்றால் இயந்திரம் செய்து மோதவிடும் வடிவமைப்பு வகுப்பைப் புகழ்பெறச் செய்தார். ஒரு சிக்கலான பாதையைத் தானே கண்டுபிடித்து ஓடும் இயந்திர எலிக்கான போட்டி 1977இல் அறிவிக்கப்பட்டு 1979இல் நியூயோர்க்கில் இறுதிக்கட்டத்தை அடைந்தது. இன்றும் உலகின் பல இடங்களில் நடக்கிறது. மாற்ற முடியாத ஒரு திகதியும், பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமும் செய்யும் வேலையை எந்தப் புள்ளித்திட்டமும் செய்யாது என்பதை ஏற்கிறேன்.

அறுபது பேருக்கும் கட்டாயமான பாடத்தில் நான் தயங்குவது வேறு காரணத்தால். நால்வர் குழுவில் வெல்லவேண்டும் என்ற அவசரம் வந்ததும் கைப்பழக்கம் உள்ளவரின் கையிலேயே எல்லாக் கருவியும் போய்ச் சேரும். மற்ற மூவரும் கைவிளக்குப் பிடிப்பார்கள். பழக வேண்டியவர் அந்த மூவர்தான். பெண் மாணவரை அறிக்கை எழுதவிட்டுவிட்டுப் பையன்கள் துளையிடும் வழக்கமும் இந்த அவசரத்தில்தான் தலையெடுக்கிறது. கண்டும் காணாததுபோல் இருந்த வகுப்பு ஒன்றில் நானும் நின்றிருக்கிறேன். பாடம் முடிந்த பின்னர், விரும்பியவர்களை நாடளாவிய போட்டிகளுக்கு அனுப்புவது சிறந்தது. பாடமே போட்டியாக வேண்டாம்.

ஊரின் வேலை

கடைசி வழி, வன்னியில் உள்ள ஒரு தேவையைக் கொடுத்து அதற்கோர் இயந்திரம் செய்யச் சொல்வது. இதைச் சொன்னதும் மாணவரிடமிருந்து முதலில் வரும் முன்மொழிவு கண்ணிவெடி அகற்றும் ரோபோவாக இருக்கும். காரணம் விளங்குகிறது: முகமாலைப் பக்கம் இன்னும் எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அந்த நிலங்களில் பணியாளர்கள், அவர்களில் இவ்வூர்ப் பெண்கள் பலர், முழங்காலில் இருந்து, மண்ணை வாரியால் அடி அடியாக இழுத்துத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். அங்கே ஏற்கப்படும் அளவு முழுமை மட்டுமே. நூற்றில் தொண்ணூற்றைந்தைக் கண்டுபிடிக்கும் வண்டி, துப்புரவானது என்ற பொய் நம்பிக்கையோடு மீதி ஐந்தை விட்டுவைக்கும். இரண்டாம் ஆண்டு மாணவர் உலோக உணரியை வண்டியில் பூட்டி வெற்று மணலில் ஓட்டிக் காட்டுவதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு வாய் வராது. யானை வேலி காப்பது, காட்டில் ரோந்து போவது என்பனவும் இதே இனம்: தேவை உண்மை, அளவு நமக்கு மிஞ்சியது.

நான் பரிந்துரைப்பது நெல் துழாவுவது. காலபோக அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் சீமெந்துக் களங்களிலும், களம் கிடைக்காதவர்கள் படங்கு விரித்து வீதியோரங்களிலும் நெல் காயவிடுவதை ஏ9 வீதியால் போகும் எவரும் காண்பர். அறுவடையின்போது ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதம். அதற்கு நெல்லை இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை துழாவிவிட வேண்டும். உச்சி வெயிலில் காலால் சால் இழுத்து நடப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும்.

பாடத்துக்கு இந்த வேலை பொருந்துவதற்குக் காரணங்கள் பல. களம் சமதரை, எல்லை தெரிந்தது. வண்டி நின்றுபோனால் யாருக்கும் கேடில்லை. ஒருவர் வந்து காலால் துழாவிவிடுவார். செய்யவேண்டியது எளிது: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போ, திரும்பு, வாரியின் அகலத்துக்கு நகர், மறுபடி வா. இது எளிதென்று நம்பி இறங்கினால் அதன்பின் சிக்கல்கள் ஒவ்வொன்றாக எழும். சில்லின் கீழ் நெல்மணிகள் உருளும். சில்லு மூன்று மீற்றர் சுழன்றதாகச் சுழற்சியை எண்ணும் உணரி சொல்லும், வண்டி அதைவிடக் குறைவாகவே நகர்ந்திருக்கும். ஆகவே சில்லின் சுழற்சியை எண்ணித் தூரம் காணும் பாடநூல் முறை இங்கே கைவிடும்; களத்தின் விளிம்பை உணர்ந்தோ, கயிறொன்றைத் தொடர்ந்தோ வேறு வழி தேடவேண்டும். சில்லு ஒடுங்கியதானால் மணி நொறுங்கும். மஞ்சள் மோட்டார் வாரியை அசைக்கவும் மாட்டாது. பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய 12 வோல்ற்று வைப்பர் மோட்டார் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். புழுப்பற்சில்லு உள்ளதால் மெதுவாக, உறுதியாகச் சுழலும். ஆனால் அது இறுகி நின்றால் பத்து அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. ஒரு பக்கத்துக்கு 2 அம்பியர் தாங்கும் எல்298 அங்கே முதல் நிமிடத்திலேயே புகைந்துவிடும். எனவே செலுத்தும் சுற்றை மறுபடி தெரிவு செய்யவேண்டும், உருகியைக் கணக்கிட்டுப் போடவேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது சுணை. நெல்லின் சுணை தாங்கிக்குள்ளும் பற்சில்லுக்குள்ளும் புகுந்து அரைக்கும், எங்கே மூடுவது, எதனால் மூடுவது, மூடினால் மோட்டாரின் வெப்பம் எங்கே போகும் என்று யோசிக்கும் மாணவர் இயந்திரவியலை முதன்முறையாகத் தோலில் உணர்வார், சொறிந்துகொண்டே உணர்வார்.

பற்றரிக்கும் இங்கே வேறு விடை உண்டு. 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி மின்சாரப் பொருள் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. சிறு வண்டிக்குச் சுமை, வாரி இழுக்கும் வண்டிக்கோ சில்லு வழுக்காமல் அழுத்திப் பிடிக்கும் பாரம். லிதியத்தின் நெருப்புப் பயமும் இல்லை.

இந்த வழியை மட்டும் முதல் வாரத்திலிருந்து எடுத்தால் என்னாகும் என்பதும் தெரியும்: ஈயம் வைக்கத் தெரியாத குழு பத்து அம்பியர் மோட்டாரோடு தொடங்கும். அது விபத்துக்கு அழைப்பு.

என் தெரிவு

ஆகவே ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ளாமல், வாரங்களைப் பங்கிடுகிறேன். முதல் இரண்டு வாரம் ஈயம் வைத்தல், வயர் முறுக்குதல், பன்மானி, அலைவுகாட்டி. மூன்றாவது வாரம் திரையில் நிரல். நான்கு முதல் ஒன்பது வரை உதிரிப் பாகங்களால் இருசில்லு வண்டி, மேற்கு யன்னல் திறந்திருக்கும் அறையில். பத்து முதல் பதினான்கு வரை நெல் துழாவும் வண்டி, இப்போது இரண்டு குழுக்கள் சேர்ந்து ஒன்று. கடைசி வாரம் களம். ஆயத்தத் தொகுதிக்கு ஒதுக்கக்கூடிய பணத்தில் இரண்டே இரண்டு நல்ல அலைவுகாட்டிகளை வாங்கிவிட்டு மீதியைப் பாகங்களுக்குப் போடலாம். உலோக வேலையும் வாகன வேலையும் கற்பிக்கும் பயிற்சி நிறுவகம் அதே அறிவியல்நகரில் இருக்கும்போது, முதல் இரண்டு வாரத்துக்கு அங்கிருந்து பயிற்றுநர்களை அழைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. ஈயம் வைப்பதில் அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவர் இங்கே நான்காம் ஆண்டு படிப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

புள்ளியிடுவதில்தான் பல நல்ல பாடங்கள் கெட்டுப்போகின்றன. ஓடிய வண்டிக்குப் புள்ளி கொடுத்தால் யூடியூபில் பார்த்து அப்படியே செய்தவருக்கு முழுப்புள்ளி போகும். அதைவிட இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பழுதுக் கொப்பி வைத்திருப்பது: என்ன கண்டேன், எதைச் சந்தேகித்தேன், எதை அளந்தேன், என்ன எண் வந்தது. மற்றது, இறுதித் தேர்வில் போதனாசிரியர் மாணவரின் சொந்த வண்டியில் ஒரு பழுதை ஒளித்து வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கொடுத்து, தனியாகத் தேடச் சொல்வது. பொது நிலத்தொடுப்பைக் கழற்றிவிடலாம், உணரியின் ஒரு காலைத் தளர்த்திவிடலாம், உருகியை ஊதிவிடலாம். கைவிளக்குப் பிடித்தவர் யார் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தான் கைவிளக்குத்தான் பிடிக்கிறோம் என்று நான்காம் வாரத்திலேயே அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, இப்படியொரு தேர்வு வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்புரிமை பெற்றதிலிருந்து, பட்டப்படிப்புகளைத் தரங்காண வருபவர்கள் மாணவர் என்ன செய்யக்கூடியவராக வெளிவருகிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். மை கறைபட்ட அறுபது பழுதுக் கொப்பிகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மூத்த சகா ஒருவர், "இதெல்லாம் கராஜ் வேலை, பல்கலைக்கழகத்துக்கு எதற்கு?" என்றார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி உள்ளே வரவிடப்படவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது இந்த ஊர். சில துளி பெற்றோல் காட்டி முடுக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இங்கேதான் இருந்தார்கள். சுழல்வேகம் கூடினால் வோல்ற்றளவு கூடும், வானொலி எரியும் என்று எந்த வகுப்பிலும் படிக்காமல் அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே அறிவுக்குச் சமன்பாட்டையும் சேர்த்துக் கொடுப்பது கராஜ் வேலை என்றால் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார், ஒப்பவில்லை.

நாட்காட்டிதான் மிகுந்த கவனம் கேட்பது. பதினைந்தாம் வாரம் தையின் பிற்பகுதியிலோ மாசியிலோ விழும்படி அரையாண்டு தொடங்க வேண்டும். இல்லையேல் துழாவ நெல் இராது, மணலைத் துழாவி ஏமாற வேண்டியிருக்கும். அப்படியானால் பாகங்களுக்கான விலைமனு ஆடிக்குள் போய்விட வேண்டும். களத்தையும் கார்த்திகையிலேயே கமக்காரர் அமைப்பிடம் ஒரு நாளுக்குக் கேட்டு வைப்பது நல்லது; நெல் வந்து குவிந்த பிறகு கேட்டால் அங்கே கால் வைக்கவும் இடமிராது.